மண்ணின் பரிணாமமும் புகுந்து காணும் கலையும்

கல்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் பெய்யும் மழை, வசிஷ்ட நதி என்றும் சுவேத நதி என்றும் இரண்டு பெயர்களோடு இறங்கி வந்து, ஒன்றாய்க் கலந்து வெள்ளாறு என்ற மூன்றாவது பெயரைப் பெற்று, பெண்ணாடத்தையும் கருவேப்பிலங்குறிச்சியையும் கடந்து கிழக்கே போய், கூடலையாற்றூரில் மணிமுத்தாற்றையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, பரங்கிப்பேட்டைக்கு அருகில் வங்கக் கடலை அடைகிறது. அந்த நீரோடு கூட மலையும் சிறிது சிறிதாக இறங்கி வருகிறது. யுகயுகமாக மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்து நின்ற பாறைகள் சிதைந்து, அவற்றிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் நீரின் ரசாயனத்தால் நெகிழ்ந்து, அழுத்தினால் விரல்ரேகை பதியும் அளவுக்கு மிருதுவான களிமண்ணாக மாறி, ஆற்றங்கரை வயல்களிலும் ஏரிப் படுகைகளிலும் தங்குகிறது. கருவேப்பிலங்குறிச்சியில் ஏர் பிடிக்கும் உழவரும், பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலத்தில் பொம்மைக்கு அச்சு வார்க்கும் தொழிலாளியும் நாள்தோறும் கையாளும் பொருள் ஒரு காலத்தில் பாறையாக நின்ற பொருளே என்று சொன்னால், அது கவியின் அலங்காரமாகாது. பூகர்ப்ப சாஸ்திரம் ஒப்புக்கொள்ளும் நேரான உண்மையே ஆகும்.

இந்த வட்டாரத்தின் நிலத்துக்கு உருமாறுவது ஒரு சுபாவமாகவே அமைந்திருக்கிறது. 1935-ஆம் ஆண்டு வாக்கில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது வெளிப்பட்ட கறுப்புப் பொருள், ஆதிகாலத்து வனங்கள் மண்ணுள் புதைந்து அழுந்தி உண்டான பழுப்பு நிலக்கரி என்பது பிற்பாடு தெளிவாகி, 1956-இல் நெய்வேலியில் ஒரு பெரிய ஸ்தாபனம் தோன்றுவதற்கும், 1961-இல் முதன்முதலாக அந்தக் கரிப் படுகை வெளிப்படுவதற்கும் காரணமாயிற்று. அந்தக் கரியை எட்டுவதற்காக அகற்றப்படும் மேல்மண்ணில் கிடைக்கும் வெண்களிமண்தான் விருத்தாசலத்துச் சூளைகளுக்கு உணவாகிறது. வடக்கே விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போனால், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த பெருமரங்கள், நாரும் வளையமும் கெடாமல் அப்படியே கல்லாகிக் கிடப்பதைக் காணலாம். சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் 1781-இலேயே அவற்றைக் குறித்து எழுதியிருக்கிறார். மரம் கரியாவதும், மரம் கல்லாவதும், கல் களிமண்ணாவதும், களிமண் மறுபடியும் நெருப்பில் கல்லாவதும் ஒருநாள் பயணத்துக்குள் அடங்கும் இத்தகைய பூமி வேறு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

இயற்கையின் இத்தகைய உருமாற்றங்களையே தன் பொருளாகக் கொண்டு, விதை, வேர், கூடு, கருப்பை, எலும்பு முதலான உயிர்வடிவங்களை ஆள் உயரத்துக்கும் மேலாகப் பெருக்கி, ஓர் அறையையோ கூடத்தையோ முழுவதும் நிறைத்து, காண வந்தவரை அதனுள்ளே நடமாட விடும் ஒருவகைக் கலை சென்ற அறுபது எழுபது ஆண்டுகளில் உலகெங்கும் செழித்து வளர்ந்திருக்கிறது. ஓவியர்கள் இதனை இன்ஸ்டலேஷன் என்பர். நாம் நிர்மாணக் கலை என்று கூறுவோம். சுவரில் மாட்டிய சித்திரத்தின் எதிரே நாம் நிற்கிறோம். பீடத்தில் வைத்த சிற்பத்தை நாம் சுற்றி வருகிறோம். நிர்மாணக் கலையிலோ, படைப்பு நம்மைச் சுற்றி நிற்கிறது. அங்கே கண்ணுக்கு மட்டும் வேலையில்லை. காலடி எழுப்பும் ஓசை, சுவரிலிருந்து வரும் குளிர்ச்சி, மண்ணின் வாசனை, குறுகிய வழியில் உடல் ஒடுங்கிப் பின் விசாலமான இடத்தில் விரிவது, இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வருவது ஆகிய யாவும் அந்த அனுபவத்தின் அங்கங்களாகின்றன.

ஐரோப்பாவில் இதற்கு முன்னோடியாகச் சொல்லப்படுபவர்களுள் கூர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞர் ஒருவர். ஹானோவர் நகரத்தில் தம் வீட்டு அறைக்குள்ளேயே, 1923-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, கண்டெடுத்த பொருள்களையும் மரத்தையும் சுண்ணச் சாந்தையும் கொண்டு தூணும் குகையுமாக ஒன்றை அவர் எழுப்பிக்கொண்டே போக, அது ஆண்டுக்காண்டு வளர்ந்து, அறையை நிறைத்து, பக்கத்து அறைகளுக்கும் பரவியது. 1943-இல் விமானக் குண்டுவீச்சில் அந்த வீடு அழிந்தபோது அதுவும் அழிந்தது. நம் பக்கத்தில், 2012-இல் கொச்சியில் தொடங்கப்பெற்ற ஈராண்டுக் கலைவிழா, பழைய கிடங்குகளையும் மாளிகைகளையும் இத்தகைய படைப்புகளால் நிரப்பி, கலைக்கூடத்துக்குள் அதுவரை கால் வைத்திராத பல்லாயிரம் சாமானியர்களையும் அவற்றினூடே நடக்க வைத்தது. 2014-இல் அங்கே சிற்பி அனிஷ் கபூர் அமைத்த கருநீர்ச் சுழலின் விளிம்பில், கடலைப் பார்த்தபடி அமைந்த ஓர் அறையில் நின்றவர்கள், தரையே திறந்து பாதாளம் தெரிகிறதோ என்று பிரமித்தார்கள்.

இவற்றையெல்லாம் பற்றிப் படிக்கிற தமிழ் வாசகர், இது மேனாட்டாருடைய புதுமை என்றும், நம்முடைய கிராமத்தாருக்குச் சம்பந்தமில்லாத நாகரிகம் என்றும் எண்ணக்கூடும். நான் அவ்வாறு எண்ணவில்லை. உள்ளே புகுந்து காணவேண்டிய கலையை, உயிர்வடிவங்களால் நிறைந்த கலையை, பிறந்து வளர்ந்து தேய்ந்து மண்ணோடு மண்ணாகும் கலையை, நம்முடைய ஊர் எல்லைகளில் குயவர் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாக நிர்மாணித்து வந்திருக்கிறார்கள். ஐயனார் கோயில்களின் புரவித் தோப்புகளையே நான் சொல்லுகிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து திருமயத்துக்குப் போகும் சாலையிலுள்ள நமணசமுத்திரத்தில், ஐயனார் சந்நிதிக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் நூற்றுக்கணக்கான மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. மரங்களின் நிழலில் அந்தப் பாதையில் நடப்பவர், தனித்தனியாக ஒவ்வொரு குதிரையையும் பார்த்து ரசித்துக்கொண்டு போவதில்லை. இரண்டு பக்கமும் விழித்துக்கொண்டிருக்கும் கண்களுக்கும், நிமிர்ந்த கழுத்துகளுக்கும், மணிமாலை பூண்ட மார்புகளுக்கும் நடுவே, தாம் பார்க்கப்படுகிறோம் என்ற உணர்ச்சியோடுதான் போகிறார். புதிதாக வந்த குதிரைகளில் சுண்ண வெண்மையும் வர்ணமும் பளிச்சிட, சென்ற விழாக்களில் வந்தவை நிறமிழந்து செம்மண்ணாகி நிற்க, அவற்றுக்கும் முந்தியவை காதும் காலும் உதிர்ந்து பாசி படர்ந்து சாய்ந்திருக்க, மிகப் பழையவை ஓட்டாஞ்சில்லுக் குவியலாகிக் கிடக்க, அந்தக் குவியலைப் பிளந்துகொண்டு செடி முளைத்திருக்க, காலம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் ஒரு மண்டபமாக அந்தத் தோப்பு விளங்குகிறது.

இந்தக் குதிரைகள் பிறக்கும் முறையும் ஆழ்ந்து நோக்கத் தக்கது. சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் புரவி எடுப்பு என்று வழங்கும் விழாவுக்குச் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முன்னால், ஊரார் கூடி, தங்கள் ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து, வெற்றிலை பாக்குடனும் காணிக்கையுடனும் வேளார் என்னும் குயவர் கையில் கொடுக்கிறார்கள். பிடிமண் கொடுத்தல் என்பது இதற்குப் பெயர். அந்தப் பிடி மண்ணை வேளார் தாம் பிசையும் களிமண்ணோடு சேர்த்துக்கொள்கிறார். ஆகவே, உருவாகப்போகும் புரவியில் அந்த ஊரின் சரீரம் கலந்துவிடுகிறது. குயவர் பல இடங்களில் அந்தத் தெய்வத்துக்குப் பூசாரியாகவும் இருப்பவர். செய்பவரும் வழிபடுபவரும் அங்கே இருவர் அல்லர்.

பெரிய புரவியை ஒரே மூச்சில் செய்துவிட முடியாது. களிமண்ணோடு மணலும் உமியும் அளவாகச் சேர்த்து மிதித்துப் பதப்படுத்தி, முதலில் நான்கு கால்களையும் உள்ளே வெற்றிடமுள்ள உருளைகளாக நிறுத்தி, அவை சற்று இறுகியபின் வயிற்றையும் முதுகையும் வளைத்தெழுப்பி, அதுவும் பாரம் தாங்கும் பதத்துக்கு வந்தபின் கழுத்தையும் தலையையும் ஏற்றவேண்டும். அவசரப்பட்டால் கீழே உள்ள ஈரமண் மேலே ஏறும் பாரத்தால் நசுங்கும். தாமதித்தால் உலர்ந்த பாகத்தோடு புதிய ஈரம் ஒட்டாமல் பிளவுபடும். உமி எதற்கென்றால், சூளையில் அது எரிந்து மறையும்போது சுவருக்குள் எண்ணற்ற நுண்துளைகளை விட்டுச் செல்ல, அவற்றின் வழியே நீராவி வெளியேறி, கனத்த சுவரும் வெடிக்காமல் தப்புகிறது. நெல்மணியைக் காத்த உறை அழிந்து, மண்ணுருவத்தைக் காக்கும் காற்றறையாகிறது. இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பும் புரவிகளை அசைக்க இயலாதாகையால், அவை நின்ற இடத்திலேயே வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கி, மேலே ஓட்டாலும் சேற்றாலும் மூடி, அவற்றைச் சுற்றியே சூளையைக் கட்டிச் சுடுவதும் உண்டு. இத்துணைப் பெரிய சுடுமண் உருவங்களை வேறெந்த நாட்டுக் கிராமக் கலையிலும் காண்பது அரிது.

சுட்டு வர்ணம் தீட்டிய புரவிகளுள் தூக்கத்தக்கவற்றை ஊரார் தோளில் சுமந்து, கொட்டு முழக்கத்தோடு எல்லைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக் கண் திறக்கிறார்கள். அதற்கு முன் அவை பொம்மைகள். அதற்குப் பின், இரவில் ஐயனார் ஏறி ஊரைக் காவல் சுற்றும் வாகனங்கள். பக்கத்திலேயே, நோய் தீர்ந்தவர் வைத்த மண் கையும் காலும், பிள்ளைப்பேறு பெற்றவர் வைத்த மண் குழந்தையும், கறவை பிழைத்தவர் வைத்த மண் பசுவும் சிறுசிறு உருவங்களாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் துயரத்தையோ நன்றியையோ தாங்கியது. இவ்வாறு கண் திறந்து வழிபட்ட புரவியை, விழா முடிந்தபின் எவரும் செப்பனிடுவதில்லை, கூரையிட்டுப் பாதுகாப்பதுமில்லை. மழையும் வேரும் அதைத் தின்றுகொள்ள விட்டுவிடுகிறார்கள். அடுத்த விழாவுக்குப் புதிய பிடிமண், புதிய புரவி. பொருளைக் காப்பாற்றுவதை விடச் செய்யும் கையைக் காப்பாற்றுவதையே அந்த ஏற்பாடு முக்கியமாகக் கருதியது; குதிரைகள் அழிந்துகொண்டே இருந்தமையால்தான் குதிரை செய்யும் வித்தை அழியாமல் தொடர்ந்து வந்தது.

நம் முன்னோர் களிமண்ணை உயிரின் உருமாற்றத்தோடு இணைத்துப் பார்த்தமைக்கு இன்னும் பழைய சாட்சியம் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் கிடைத்தது. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், பின்னர் 1899 முதற்கொண்டு அலெக்ஸாண்டர் ரீ என்ற தொல்பொருள் அதிகாரியும் அகழ்ந்து கண்ட முதுமக்கள் தாழிகள், வயிறு பருத்து, அடி குறுகி, மனித உடலைத் தம்முள் ஏற்றுக்கொள்ளும் வடிவினவாக இருந்தன. உடன் வைத்த கலங்களில் நெல்லுமியும் தினையுமியும் காணப்பட்டன. இறந்தவரைக் கருப்பை வடிவான மண்பாண்டத்தில் இருத்தி, அருகில் தானியத்தையும் வைத்த அந்தக் கரங்கள், முடிவு என்று நாம் சொல்வதை ஒரு மாற்றம் என்றே கருதியிருக்கக்கூடும்.

மண் நெருப்பில் என்ன ஆகிறது என்பதையும் இங்கே சற்று விளக்கவேண்டும். ஏனெனில், மண்ணைக் கொண்டு செய்யும் எந்த நிர்மாணத்துக்கும் நெருப்பே இணை ஆசிரியன். வெயிலில் உலர்ந்த மண்பாண்டம் எவ்வளவு கெட்டியாகத் தோன்றினும், தண்ணீரில் இட்டால் கரைந்து மீண்டும் சேறாகிவிடும். சூளையில் 100 டிகிரியைத் தாண்டும்போது துகள்களுக்கிடையே தங்கிய ஈரம் ஆவியாகிறது. சுமார் 450 டிகிரியிலிருந்து 600 டிகிரி வரையில், களிமண்ணின் அணுக்கட்டுக்குள்ளேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அந்தக் கட்டத்தைக் கடந்தபின், எத்தனை காலம் நீரில் ஊறினாலும் அது மறுபடியும் சேறாகாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா என்று நம் பெரியோர் கேட்ட கேள்விக்கு ரசாயன ஆதாரம் இதுதான். 900, 1000 டிகிரியில் நம்முடைய செங்கல்லும் பானையும் புரவியும் முதிர்கின்றன. 1200 டிகிரிக்கு மேலே போனால், கலவையிலுள்ள ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி, பொரியை வெல்லப்பாகு பிணைத்துப் பொரியுருண்டை ஆக்குவதுபோல் மற்றத் துகள்களைப் பிணைத்து, தட்டினால் மணியோசை எழுப்பும் பீங்கானாக்குகிறது. இந்தப் பயணத்தில் உருவம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. ஆகவே மண்ணில் சிற்பம் செய்பவர், தம் கண்முன் இருக்கும் உருவத்தைச் செய்வதில்லை. நெருப்புக்குப் பின் இருக்கப்போகும் உருவத்தை மனத்தில் கண்டே செய்கிறார்.

நவீன இந்தியச் சிற்பிகளுள், உயிர்வடிவங்களின் உருமாற்றத்தையே தம் வாழ்நாள் முழுவதும் சிந்தித்தவர் மிருணாளினி முகர்ஜி. 1949-இல் பிறந்து 2015-இல் மறைந்த அவர், பரோடாவில் ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியனிடம் பயின்று, சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் பின்னி, மலரோ தெய்வமோ விலங்கோ என்று நிச்சயித்துச் சொல்லமுடியாத பேருருவங்களைச் சமைத்தார். யக்ஷி என்றும் வனஸ்ரீ என்றும் அவற்றுக்குப் பெயரிட்டார். 1996-இல் ஹாலந்து தேசத்திலுள்ள ஒரு பீங்கான் பயிற்சிக்கூடத்தில் தங்கியிருந்தபோது அவர் களிமண்ணின்பால் திரும்பி, இதழ்களைப்போல் மடிந்து விரியும் உருவங்களைச் சுட்டெடுத்தார். அவருடைய சிற்பங்களின் எதிரே நிற்பவர், கோயில் கர்ப்பக்கிருகத்து வாயிலில் நிற்பதை ஒத்த ஒரு பயபக்தியை அடைவதாகச் சொல்வதில் வியப்பில்லை. உயிருள்ளதும் உயிரற்றதும் பிரியாத ஓர் எல்லையை அவை காட்டுகின்றன.

விருத்தாசலத்துக்கு அண்மையிலேயே, புதுச்சேரியில், களிமண்ணின் உருமாற்றத்தை அறையளவுக்கும் வீட்டளவுக்கும் எடுத்துச் சென்ற ஒரு மகத்தான பரிசோதனை நடந்தது. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1971-இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டக் கூடத்தை நிறுவி, சவுக்கு விறகால் சுட்டெடுக்கும் உயர்வெப்பப் பாண்டங்களைச் செய்யத் தொடங்கினார்கள். அங்கே பயின்று வெளியேறியவர்கள் இன்று இந்தியாவெங்கும் பெயர்பெற்ற மண்கலைஞர்களாக இருக்கிறார்கள். புதுச்சேரி, ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் கலைக்கூடங்கள் பல தோன்றியதற்கும் இதுவே வித்து.

இளமையில் கட்டடக் கலை பயின்ற மீக்கர், 1980-களின் நடுவில், ஈரானியக் கட்டடக் கலைஞரான நாதர் கலீலியின் முயற்சிகளால் ஊக்கம் பெற்று, பச்சை மண்ணால் வீடு கட்டி அந்த வீட்டையே சுட்டுவிடுவது என்ற துணிகரமான காரியத்தில் இறங்கினார். சுடாத மண்கற்களைக் கொண்டு சுவரும் வளைகூரையும் எழுப்பி, வீட்டின் உள்ளே செங்கல்லும் ஓடும் பாண்டங்களும் அடுக்கி, வாயில்களை அடைத்து, அடியில் நெருப்பிட்டு நாட்கணக்கில் எரியவிட்டால், வீடே சூளையாகி, உள்ளே அடுக்கியவை சுடப்படுகிற அதே நெருப்பில் சுவரும் கூரையும் சுடப்பட்டு, நெருப்பு தணிந்து ஆறியபின் ஒரு முழு மண்பாண்டமாக வீடு வெளிப்படுகிறது. உள்ளே வெந்த பொருள்களை விற்று எரிபொருட் செலவை ஈடுசெய்யலாம் என்பது அவர் கணக்கு. ஆரோவில்லுக்கு அருகே இவ்வாறு எழுந்த ஒரு வீட்டுக்கு அக்னிஜாதா என்று பெயர். நெருப்பில் பிறந்தது என்ற அந்தப் பெயருக்கு அது முற்றும் தகுதியுடையது. ஏழை எளியவர்களுக்கு மலிவான வீடு கிடைக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு தொடங்கிய அந்த முயற்சி பெருவாரியாகப் பரவவில்லை; மீக்கரும் பின்னர்ப் பேருருவச் சிற்பங்களின்பால் திரும்பிவிட்டார். ஆயினும், ஒரு பாண்டத்துக்குள்ளே மனிதர் நுழைந்து வசிக்கலாம் என்று அவர் காட்டியது, நிர்மாணக் கலையின் சரித்திரத்தில் நம் மண்ணுக்குரிய ஓர் அத்தியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி, விருத்தாசலத்தைப் போலவே பீங்கானால் வாழும் ஒரு நகரம் உலகத்தின் கவனத்தை ஈர்த்த வரலாற்றைச் சொல்லவேண்டும். சீனாவில் சிங்தசென் என்ற நகரம், பல நூற்றாண்டுகளாகச் சக்கரவர்த்திகளின் அரண்மனைக்குப் பீங்கான் செய்து கொடுத்தது. அந்நகரத்துத் தொழிலாளர் சுமார் 1600 பேரைக் கொண்டு, சீனக் கலைஞரான ஐ வெய்வெய், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 10 கோடிப் பீங்கான் சூரியகாந்தி விதைகளைச் செய்வித்தார். ஒவ்வொரு விதையும் தனித்தனியே அச்சில் வார்க்கப்பட்டு, சுடப்பட்டு, கையினால் கோடு தீட்டப்பட்டது. 2010 அக்டோபரில், லண்டன் நகரத்து டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பெருங்கூடத்தில், சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பில் அந்த விதைகள் கொட்டிப் பரப்பப்பட்டபோது, அவற்றின் எடை ஏறத்தாழ 150 டன். மக்கள் அவற்றின்மீது நடந்தார்கள், அமர்ந்தார்கள், அள்ளி அள்ளிப் பார்த்தார்கள். தூரத்திலிருந்து சாம்பல் நிறக் கடற்கரையாகத் தெரிந்தது, குனிந்து நோக்கியபோது ஒன்றுபோல் ஒன்றில்லாத கோடானுகோடி விதைகளாயிற்று. ஜனத்திரளையும் அதனுள் தனி மனிதனையும் பற்றி இதைவிடத் தெளிவாகப் பேசிய படைப்பு சென்ற சில பத்தாண்டுகளில் தோன்றியதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் திறந்து சில நாட்களுக்குள்ளேயே, விதைகள் உராய்ந்து எழும் நுண்தூசி நுரையீரலுக்குத் தீங்கு செய்யும் என்று அஞ்சி, அவற்றின்மீது நடப்பதை அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். இந்தச் செய்தியை நம் பீங்கான் ஊர் மக்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஒரு மணி நேரம் உலாவ வந்த பார்வையாளருக்கு அத்தூசி ஆபத்தானால், வாழ்நாள் முழுவதும், பீங்கானுக்குச் சேர்க்கும் குவார்ட்ஸ் என்னும் சிலிக்காப் பொடியின் நடுவே மூச்சு விடும் தொழிலாளிக்கு அது எவ்வளவு ஆபத்தானது? சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்குச் சிகிச்சையால் முழுக் குணம் கிடையாது. மண்கலையைப் போற்றுகிறவர் எவரும், மண்ணோடு உழைப்பவருடைய சுவாசத்தைப் பற்றியும் கவலைப்படக் கடமைப்பட்டவர்.

விருத்தாசலத்துத் தொழிற்பேட்டைக்குள் போனால், அங்கேயும் உருமாற்றமே நித்திய நிகழ்ச்சி. வெண்களிமண்ணும் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நீரோடு பால் மில் என்னும் அரவை இயந்திரத்தில் அரைபட்டுக் குழம்பாகின்றன. அந்தக் குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றினால், அச்சு ஈரத்தை உறிஞ்ச, சுவரோரமாக மண் படிந்து கனக்கிறது. வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் குழம்பை வடித்துவிட்டு அச்சைப் பிரிக்க, உள்ளே கூடாக இருக்கும் ஒரு பிள்ளையாரோ கிளியோ அகல்விளக்கோ ஈரத்தோடு வெளிவருகிறது. பிசிறு நீக்கி, உலர்த்தி, சூளையில் அடுக்கிச் சுட்டபின், வரிசையாக அமர்ந்திருக்கும் பெண்கள் கண்ணும் புருவமும் தீட்டுகிறார்கள். நவராத்திரிக் கொலுவுக்கும் கார்த்திகை தீபத்துக்கும் நம் வீடுகளுக்கு வந்து சேரும் உருவங்களில் பல இவர்கள் கைபட்டவை. மின்சாரப் பீங்கான் சாதனங்களும் இங்கே வெகுகாலமாகச் செய்யப்படுகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசாங்கக் கல்லூரியும் இவ்வூரில் இருக்கிறது. மண் இருக்கிறது, சூளை இருக்கிறது, சாஸ்திரம் அறிந்தவர் இருக்கிறார்கள், கை பழகியவர் இருக்கிறார்கள். இவையனைத்தும் ஒருங்கே அமைந்த இடம் தமிழ்நாட்டில் வேறொன்றில்லை என்றே சொல்லலாம்.

ஆயினும் இந்தக் கரங்களுக்கு வரும் வேலை பெரும்பாலும் ஒரே அச்சில் ஆயிரம் பிரதிகள் எடுக்கும் வேலைதான். தாமாக ஓர் உருவத்தைச் சிந்தித்து, தாம் நடமாடும் ஊரில் அதனை நிலைநிறுத்திக் காணும் பாக்கியம் அந்தத் தொழிலாளருக்குக் கிட்டவில்லை. 2018-இல் ஜெய்ப்பூரிலும், பின் 2024-இல் டில்லியிலும் இந்திய மண்கலைப் பெருவிழாக்கள் நடந்தன. அறையளவு விரிந்த மண் நிர்மாணங்களை நாட்டுக் கலைஞரும் வெளிநாட்டுக் கலைஞரும் அங்கே அமைத்தார்கள். 2020-இல் வில்லியனூரைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்துக் குயவர் மரபைக் கௌரவித்தது. களிமண்ணுக்கு இவ்வாறு மரியாதை பெருகிவரும் காலத்தில், களிமண்ணாலேயே பெயர்பெற்ற விருத்தாசலத்தில் மக்கள் புகுந்து காணத்தக்க ஒரு மண் மண்டபமாவது இருக்கவேண்டாமா?

அப்படி ஒன்று அமையுமானால் அது எவ்வாறிருக்கலாம் என்று என் விருப்பத்தைச் சொல்லுகிறேன். முதலில், இந்த வட்டாரத்தின் சொந்தக் கதையே அதற்குப் பொருளாகவேண்டும். நுழைவாயிலில் மலைப்பாறையின் கரடும், அடுத்து அது நெகிழ்ந்து வண்டலாகும் அலைவரிகளும், பிறகு நெய்வேலிக் கரியாகப் புதைந்த வனத்தின் வேர்களும், திருவக்கரை மரங்களின் வளையங்களும், அவற்றிலிருந்து வெடித்தெழும் முந்திரி, பலா, கம்பு, நெல் ஆகிய இந்த மண்ணின் விதைகளும் ஆள் உயரத்துக்குச் சுடுமண்ணிலும் பீங்கானிலும் எழுந்து, நடப்பவரைச் சூழ்ந்துகொள்ளவேண்டும். கரடான செம்மண்ணிலிருந்து வழவழப்பான வெண்பீங்கான் வரைக்கும், ஒரே பொருள் எத்தனை வெப்பத்தில் எத்தனை ரூபம் கொள்ளுகிறது என்பதைக் குழந்தைகள் கையால் தொட்டு அறியவேண்டும். ஒரு பகுதியைக் கூரையில்லாமல் விட்டு, சுடாத பச்சை மண்ணால் ஆண்டுதோறும் புதிதாக அமைத்து, மழைக்காலத்தில் அது கரைந்து போவதை மக்கள் காண விடவேண்டும். புரவித் தோப்பு நமக்குக் கற்பித்த பாடம் அது.

இரண்டாவதாக, செய்தவர் பெயர் அங்கே பொறிக்கப்படவேண்டும். சிங்தசென் நகரத்து 1600 பேரின் உழைப்பை உலகம் வியந்தபோதிலும், அந்தப் படைப்பு ஒருவர் பெயராலேயே வழங்குகிறது. விருத்தாசலத்தில், குழம்பு கரைத்தவர், அச்சு வார்த்தவர், சூளை அடுக்கியவர், வர்ணம் தீட்டியவர் ஆகிய அனைவரும் அந்த நிர்மாணத்தின் ஆசிரியர்களாகக் குறிக்கப்பட்டு, அதற்குரிய கூலியும், தூசியிலிருந்து காக்கும் சாதனங்களும் முறையாகப் பெறவேண்டும். கல்லூரி மாணவர் கணக்கிடும் வெப்பமும், குயவர் கண்ணால் அறியும் வெப்பமும் அங்கே ஒன்றையொன்று திருத்திக்கொள்ளவேண்டும். புதுச்சேரிக் கலைஞரும் புதுக்கோட்டை வேளாரும் வந்து தங்கிக் கற்பிக்கவும் கற்கவும் இடம் இருக்கவேண்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவை என்று சிலர் தயங்கலாம். ஐயனாருக்குப் புரவி எடுத்த ஊர்கள் செல்வத்தால் பெருத்தவை அல்ல. மழைக்கும் விளைச்சலுக்கும் வானத்தைப் பார்த்து நின்ற சிற்றூர்களே. அவர்கள் குயவரிடம் சென்று, இது எங்கள் மண், இதை எங்களுக்காக உருவாக்கிக் கொடுங்கள் என்று உரிமையோடும் மரியாதையோடும் கேட்டார்கள்; கேட்டபடியால் அந்தக் கலை பிறந்தது. கலைஞன் தோன்றுவதற்கு முன்னால் கலையைக் கேட்கும் சமூகம் தோன்றியாக வேண்டும். கடலூர் மாவட்டத்துப் பஞ்சாயத்துகளும் பள்ளிகளும் வணிகர்களும், கருவேப்பிலங்குறிச்சி முதலிய வெள்ளாற்றங்கரை ஊர்களும், ஊருக்கு ஒரு கூடை மண்ணும் தங்களால் இயன்ற பொருளும் கொடுத்து, விருத்தாசலத்துத் தொழிலாளரிடம் பிடிமண் கொடுக்க முன்வரவேண்டும். அரசாங்கம் அதற்கு ஓர் இடத்தையும் சூளையையும் உதவினால் போதும். மற்றதைச் செய்து முடிக்கும் ஞானமும் கைத்திறனும் அந்த ஊரிலேயே இருக்கின்றன.